ஹான்ஸ்பெரியின் நாடகத்தில் வீடும் விலையும்

அரங்கிற் பெற்ற வெற்றியே ஒரு நாடகத்தின் உட்பொருளை மறைத்துவிடுவதும் உண்டு. லொறெயின் ஹான்ஸ்பெரி அம்மையார் இயற்றிய ‘வெயிலில் காயும் திராட்சை’ அத்தகைய நாடகங்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் ‘எ றெயிசின் இன் த சன்’ என வழங்கும் இந்நாடகம் 1959ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயோர்க் நகரத்துப் புறோட்வேயில் அரங்கேறியது. கறுப்பினப் பெண்ணொருவர் எழுதிய நாடகம் புறோட்வே மேடையைக் கண்டது அதுவே முதன்முறை. அவ்வாண்டிலேயே நியூயோர்க் நாடக விமரிசகர் வட்டத்தின் பரிசும் அதற்குக் கிடைத்தது. ஆசிரியைக்கு அப்பொழுது முப்பது வயதும் நிரம்பவில்லை.

இது கறுப்பினத்தார் கதையன்று, எல்லா இனத்தார்க்கும் உரிய குடும்பக் கதை என்று புகழ்ந்தனர் ஒரு சாரார். நல்லெண்ணத்தோடு கூறப்பட்ட அப்புகழுரை நாடகத்தை அதன் ஊரிலிருந்து பெயர்த்தெடுத்துவிட்டது. 1960களில் எழுந்த தீவிர நோக்குடைய இளைஞர் மறுபுறம் சென்று, வெள்ளையர் தெருவில் வீடு வாங்கத் துடிக்கும் மத்தியதர வர்க்கத்தின் ஆசையே இது என இகழ்ந்தனர். அவர்களுள் ஒருவராகிய அமிரி பறாக்கா, 1980களில் தம் பழைய தீர்ப்புப் பிழையென வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். விமரிசகரிடத்து அரிதிற் காணப்படும் பண்பு அது. புகழ்ந்தோரும் இகழ்ந்தோருமாகிய இரு திறத்தாரும் நாடகத்தின் நடுவே வரும் ஒரு சிறு விடையைப் போதிய அளவு கவனித்தாரல்லர். அவ்விடை கனவைப் பற்றியதன்று, விலையைப் பற்றியது.

கதை பலரும் அறிந்ததே. சிக்காகோ நகரின் தென்பாகத்தில், நெருக்கமான சிறு குடியிருப்பொன்றில் யங்கர் குடும்பத்தார் ஐவர் வாழ்கின்றனர்: கைம்பெண் லீனா, மகன் வோல்ற்றர் லீ, மருமகள் றூத், மகள் பெனீத்தா, பேரன் திறாவிஸ். குளியலறை வெளியே நடைவழியில் உள்ளது. அயல் வீட்டாருக்கும் அதுவே. பையன் வரவேற்பறைச் சாய்கதிரையிற் படுத்துறங்குகின்றான். இறந்த கணவனின் காப்புறுதிப் பணம் 10,000 டொலர் காசோலையாக வருகின்றது. செல்வர் ஒருவரின் மோட்டார்ச் சாரதியாகிய வோல்ற்றர் அதைக் கொண்டு மதுக்கடை வைக்க விரும்புகின்றான். பெனீத்தாவுக்கு வைத்தியக் கல்வி வேண்டும். லீனாவோ 3,500 டொலரை முற்பணமாகக் கட்டி, வெள்ளையர் மட்டும் வாழும் கிளைபோண் பாக் பகுதியில் ஒரு வீட்டைப் பேசி முடிக்கின்றாள். மிகுதி 6,500 டொலரையும், அதில் 3,000 தங்கையின் படிப்புக்கு என்று சொல்லி, மகனிடம் ஒப்படைக்கின்றாள். அவன் முழுவதையும் நண்பனென நம்பியவனிடம் கொடுக்க, அவன் பணத்தோடு மறைந்துவிடுகின்றான். இதற்கிடையில் கிளைபோண் பாக் முன்னேற்றச் சங்கத்தின் சார்பில் கார்ல் லின்ட்னர் என்பவர் வந்து, வீட்டை இலாபத்தோடு தாமே வாங்கிக்கொள்வதாகக் கூறுகின்றார். பணமிழந்த வோல்ற்றர் அதற்கு இணங்க எண்ணி, இறுதியில் தன் மகன் முன்னிலையில் மறுத்துவிடுகின்றான். குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு புறப்பட, திரை விழுகின்றது.

வீடு வாங்கிய இடத்தின் பெயரைக் கேட்டவுடன் குடும்பத்தார் திகைக்கின்றனர். ஏன் அவ்விடம்? லீனா தரும் விடை மிக எளியது. தன் குடும்பத்துக்கு, மிகக் குறைந்த விலையில், மிக நல்ல இடம் எது என்று தேடினாளாம். கறுப்பினத்தார்க்கென நகரின் கோடியிற் கட்டப்பட்ட வீடுகள் ஏனைய வீடுகளின் இருமடங்கு விலை கேட்கின்றனவாம். வேறு யாதும் இல்லை. லீனா கொடி பிடித்துச் சென்ற வீராங்கனை அல்லள். சந்தைக்குச் சென்று நிறையும் விலையும் பார்த்து வாங்கி வந்த குடும்பத் தலைவி. வெள்ளையரோடு அருகிருந்து வாழும் ஆசை அவளிடத்தில் இருந்ததாக நாடகத்தில் ஒரு சொல்லும் இல்லை. பறாக்கா முதலியோர் முன்னர்க் கூறிய குற்றச்சாட்டு இந்த விடையின் முன் நிற்காது.

அங்ஙனமாயின் ஒரே நகரில் ஒரே தரத்து வீடு ஓரினத்தார்க்கு ஒரு விலையும் இன்னோரினத்தார்க்கு இருமடங்கு விலையும் ஆவது எங்ஙனம்? நாடகம் இவ்வினாவை எழுப்பியதோடு அமைகின்றது. விடைக்கு நகரத்தின் வரலாற்றையே நாடவேண்டும்.

1910இல் சிக்காகோவில் வாழ்ந்த கறுப்பின மக்கள் ஏறக்குறைய 44,000 பேர். 1940இல் அவர்கள் 2,78,000 அளவினர். 1960இல் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் கொடுமைகளையும் விட்டு இறைச்சித் தொழிற்சாலைகளையும் இரும்பாலைகளையும் நாடி வந்தவர்கள் அவர்கள். மக்கள் பெருகினர், வாழ விடப்பட்ட நிலமோ அவ்வளவிற் பெருகவில்லை. 1919 யூலையில், ஏரிக்கரையிற் கறுப்பினச் சிறுவனொருவன் கல்லெறிபட்டு நீரில் மூழ்கி இறந்ததைத் தொடர்ந்து எழுந்த கலவரத்தில் முப்பத்தெண்மர் மாண்டனர். கல்லெறிந்து காத்த எல்லையை எழுதிக் காப்பது மேலெனக் கற்றவர் கருதினர் போலும். 1927இல் அந்நகரத்து நிலத்தரகர் கழகம் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வரைவித்தது. தம் வீட்டைக் கறுப்பினத்தார்க்கு விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என அயலார் அனைவரும் கையொப்பமிட்டு அதனைக் காணி உறுதியோடு சேர்த்துப் பதிவு செய்தனர். உறுதியில் ஏறிய நிபந்தனை வாங்குவோனையும் அவன் பின்னோனையும் கட்டுப்படுத்தும். சிக்காகோப் பல்கலைக்கழகம் தன்னைச் சூழ்ந்த பகுதிகளில் இத்தகைய சங்கங்களுக்குப் பணவுதவி செய்துவந்தது என்பதைக் கல்விக்கூடங்களைச் சார்ந்தோர் மறவாதிருத்தல் நன்று.

அடைத்த வேலிக்குள் மக்கள் நெருங்க நெருங்க வாடகை ஏறியது. ‘கிச்சினெற்’ எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்பு அவ்வாறு தோன்றியதே. றிச்சட் றைற் 1941இல் வெளியிட்ட ஒரு நூலில் இதன் கணக்கை எடுத்துக் காட்டுகின்றார்: வெள்ளையருக்கு மாதம் 50 டொலர் வாடகைக்கு விடப்படும் ஏழறை வீட்டை ஏழு துண்டாக்கி, துண்டொன்றுக்குக் கிழமைக்கு 6 டொலராகக் கறுப்பினத்தார்க்கு விட்டால், கிழமையொன்றில் 42 டொலர் சேரும். வெள்ளையனிடம் ஒரு மாதத்திற் பெறுவதைக் கறுப்பினத்தாரிடம் ஒன்பது நாளிற் பெற்றுவிடலாம். இனவெறி என்பது மனத்தின் அழுக்கு மட்டுமன்று, வருவாய் தரும் தொழிலும் ஆகும் என்பதற்கு இக்கணக்கினும் வேறு சான்று வேண்டியதில்லை. அதே றைற் 1940இல் வெளியிட்ட ‘நேற்றிவ் சன்’ என்னும் நாவலில் டோல்ற்றன் என்றொரு கனவான் வருகின்றார். கறுப்பினப் பள்ளிகளுக்குப் பெருங்கொடை வழங்குபவர். எலி ஓடும் ஓரறையிற் கதாநாயகனின் குடும்பத்தைக் குடியிருத்தி வாடகை கொள்ளும் நிறுவனமும் அவருடையதே. வேலிக்கு அப்பால் ஏன் வீடு கொடுப்பதில்லை என்று கேட்டால், வழக்கம் அப்படி என்பதே அவரது விடை.

வழக்கம் அரசாங்கக் கொள்கையாக உயர்ந்தது அக்காலத்தில்தான். 1933இல் அமைக்கப்பட்ட வீட்டுடைமையாளர் கடன் கூட்டுத்தாபனம் நகரங்களைத் தரம் பிரித்து வரைந்த படங்களிற் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு நிறம் பெற்றன. அப்படங்கள் கேட்டுக்குக் காரணமா, அன்றி முன்னரே இருந்த கேட்டின் பதிவா என்று ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுவர். 1934இல் அமைந்த கூட்டாட்சி வீடமைப்பு நிருவாகத்தைப் பற்றி அத்தகைய ஐயத்துக்கு இடமில்லை. வங்கிகள் வழங்கும் ஈட்டுக்கடனுக்கு அரசாங்கப் பிணை தருவது அதன் பணி. அப்பிணையாற் கோடிக்கணக்கான வெள்ளைத் தொழிலாளர் சிறு முற்பணத்தோடு நெடுந்தவணையில் வீட்டுடைமையாளர் ஆயினர். அதன் 1938ஆம் ஆண்டுக் கைந்நூலோ, ஓரினத்தார்க்கென வகுத்த இடத்தில் வேற்றினத்தார் குடியேறுவதை உறுதியிலேயே விலக்கும் நிபந்தனைகளை வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. கறுப்பினத்தான் வாழும் தெருவுக்குப் பிணை இல்லை. பிணையில்லாத் தெருவுக்கு வங்கியில் கடன் இல்லை. கடன் இல்லாதவன் தரகனிடம் தவணைக்கு வாங்கவேண்டும். இறுதித் தவணை கட்டும்வரை உறுதி முடித்துத் தரப்படமாட்டாது. ஒரு தவணை தவறினாலும் கட்டியதும் போகும், வீடும் போகும். லீனா கண்ட இருமடங்கு விலையின் வேர் இதுவே.

இவ்விடத்தில் ஆசிரியையின் தந்தையாரைப் பற்றிக் கூறவேண்டியுள்ளது. கார்ல் ஹான்ஸ்பெரி வறியவரல்லர். நிலத்தரகுத் தொழிலிற் பொருளீட்டியவர். பெரிய வீடுகளை ஒற்றையறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டமையால் ‘கிச்சினெற் அரசர்’ என்ற பட்டமும் அவருக்கு இருந்தது. யங்கர் குடும்பம் வெந்து கிடக்கும் அறையைக் கட்டிய கைகளில் ஆசிரியையின் தந்தை கையும் ஒன்று. இதனைச் சொல்லாமல் விட்டு அவரை வீரர் என்று மாத்திரம் எழுதுவோர் பலர். வீரமும் உண்மையே. 1937இல் அவர் வாஷிங்டன் பாக் பகுதியில், விலக்கு ஒப்பந்தத்துக்கு உட்பட்ட தெருவில் ஒரு வீட்டை வாங்கிக் குடிபுகுந்தார். கும்பல் கூடியது. உள்ளே எறியப்பட்ட கல்லொன்று சிறுமி லொறெயின்மேற் படாது மயிரிழையில் தப்பியது. அயலார் வழக்குத் தொடுத்தனர். இலினோய் மாநில நீதிமன்றங்கள் குடும்பத்தை வெளியேறப் பணித்தன. அவ்வொப்பந்தம் செல்லுபடியாவதற்குத் தெருமுகப்பின் நூற்றுக்கு 95 பங்குக்கு உரியோர் கையொப்பமிட்டிருத்தல் வேண்டும். உண்மையில் இட்டவர் 54 பங்கு அளவினரே. முந்திய வழக்கொன்றில் 95 பங்கினர் ஒப்பமிட்டதாக இரு கட்சியாரும் ஏற்றுக்கொண்டமையால், அது பொய்யென்று தெரிந்த பின்னும் அத்தீர்ப்பு எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்றது மாநில நீதிமன்றம்! 1940 நவம்பரில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, முன்னைய வழக்கில் பங்குகொள்ளாதாரை அது கட்டுப்படுத்தாது என்றது. ஆனால் நிற விலக்கு ஒப்பந்தம் முறையானதா என்ற வினாவை நீதிபதிகள் தொடவில்லை. வென்றும் நிறைவு காணாத கார்ல் ஹான்ஸ்பெரி, குடும்பத்தோடு நாட்டைவிட்டே நீங்க எண்ணி மெக்சிக்கோ சென்று, 1946இல் அங்கே காலமானார்.

அவர் இறந்து இரண்டாண்டு கழித்து, 1948இல், ஷெலி எதிர் கிறேமர் என்ற வழக்கில், அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றிவைக்கலாகாது எனத் தீர்ப்பாயிற்று. இந்த ஆண்டை மனத்திருத்தி நாடகத்தைப் படிப்போர்க்கு லின்ட்னரின் பாத்திரம் புதிதாகத் தோன்றும். அவர் குரல் உயர்த்துவதில்லை. தொப்பியைக் கையிற் பிடித்துக்கொண்டு, அமர்ந்து பேசினால் எல்லாம் தீரும் என்று நயந்து பேசுகின்றார். விமரிசகர் பலர் இதனை இனவெறியின் நயவஞ்சகம் என்று குணவியல்பாகவே விளக்கினர். உண்மையில் அது சட்டநிலையின் விளைவு. ஆசிரியையின் தந்தை எதிர்கொண்டது வழக்குத் தாளை; வோல்ற்றர் எதிர்கொள்வது காசோலையை. 1948இன் பின் கையில் ஆயுதமற்றுப்போன சங்கத்துக்கு எஞ்சியவை இரண்டே: பணமும் குண்டும். முதலாவதை லின்ட்னர் கொண்டு வருகின்றார். இரண்டாவதை அயலவளான ஜோன்சன் என்னும் பெண்மணி கொண்டு வருகின்றாள்; கறுப்பினத்தார் வீட்டில் குண்டெறிந்த செய்தி தாங்கிய பத்திரிகை அவள் கையில் இருக்கின்றது. அக்காட்சி முதல் மேடையேற்றத்தில் நீக்கப்பட்டது. பிற்காலப் பதிப்புகளிலேயே மீண்டது. 1961இல் வந்த திரைப்படத்திலும் அது இல்லை. லின்ட்னரின் சங்கத்துக்கு ‘முன்னேற்றம்’ என்று பெயரிட்டதில் ஆசிரியையின் அங்கதமும் உண்டு. ஈழத்துச் சிற்றூர்களிலும் அப்பெயர்ப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை.

இனி நாடகத்தின் குறை. விலையிற் தொடங்கிய கதை மூன்றாம் அங்கத்தில் ஆண்மையில் முடிகின்றது. லின்ட்னரின் பணத்தை வோல்ற்றர் மறுக்கும் காட்சி அரங்கை உலுக்கவல்லது; ஐயமில்லை. ஆயினும் அக்காட்சியின் ஒளியில், வீட்டுப் பிரச்சினை ஒரு மனிதன் நிமிர்ந்து நின்றால் தீரக்கூடியது என்ற மயக்கம் பிறக்கின்றது. முற்பணம் போக மிகுதியை யார் கடனாகத் தந்தார், தவணை எவரிடம் கட்டப்படும், உறுதி யார் பெயரில் முடிந்தது என்பவற்றுக்கு விடையில்லை. கைக்குழந்தையை முதுகிற் கட்டிக்கொண்டாவது நாளுக்கு இருபது மணிநேரம் உழைக்கத் தயார் என்கின்றாள் றூத். அவள் உழைப்பு எவருடைய பேரேட்டில் ஏறும் என்பதை அவளும் அறியாள், அரங்கினரும் அறியார். தரகர் வீட்டிற் பிறந்து, ஈடும் உறுதியும் காதில் விழ வளர்ந்த ஒருவர் இவற்றை அறியாமல் விட்டார் எனல் பொருந்தாது. கணக்குப் புத்தகம் மேடையில் நடியாது என்று கருதி விலக்கினார் என்றே கொள்ளவேண்டும். கலைஞர்க்கு அவ்வுரிமை உண்டு; ஆனால் அதற்குக் கொடுத்த விலை, ‘எல்லார்க்கும் உரிய குடும்பக் கதை’ என்ற அந்தப் புகழுரை.

நகரம் தன் வழியே சென்றது. நாடகம் அரங்கேறி மூன்றாண்டில், 1962இல், சிக்காகோவின் தென்பகுதியில் றொபேட் ரெயிலர் குடியிருப்புத் திட்டம் முற்றுப்பெற்றது: பதினாறு மாடி கொண்ட இருபத்தெட்டுக் கட்டடங்கள், நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள், ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தார். நகர வீடமைப்பு அதிகாரசபையின் தலைவராயிருந்து, எல்லா இனத்தாரும் கலந்து வாழத்தக்க இடங்களை நகரசபை மறுத்ததனால் 1950இற் பதவி துறந்தவர் றொபேட் ரெயிலர். அவர் எதை எதிர்த்து விலகினாரோ அதற்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. 1969இல் மத்திய நீதிமன்றம், அதிகாரசபை இனம் பார்த்தே இடம் தெரிந்தது எனத் தீர்ப்பளித்தது. இதற்கிடையில் மாட்டின் லூதர் கிங் 1966இல் அந்நகரத்து வெள்ளையர் தெருவொன்றில் ஊர்வலம் சென்றபோது கல்லடி பட்டார். அவர் கொலையுண்ட 1968ஆம் ஆண்டு ஏப்பிரிலிலேதான் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனபேதம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் கூட்டாட்சி அளவில் நிறைவேறியது. ரெயிலர் கட்டடங்கள் ஐம்பதாண்டும் நில்லாமல் 2007இல் முற்றாக இடிக்கப்பட்டு முடிந்தன. பெருந்தொகைச் செலவில் எழுந்த அத்திட்டம் நிலையாது போனமைக்குக் கட்டட அமைப்பையே குறை கூறுவோர் உளர். அதே போன்ற உயர் மாடிகளிற் செல்வரும் வாழ்கின்றனர், அவை இடியவில்லை. வேலையும் கடையும் கடனும் இல்லாத இடத்தில், ஓரினத்து வறியோரை மட்டும் அடுக்கிவைத்த கொள்கையையன்றோ குறை கூறவேண்டும்?

லீனா தன் பழைய யன்னலோரத்தில் வாடியும் வாடாமலும் நின்ற சிறு சாடிச் செடியை இறுதியில் எடுத்துச் செல்கின்றாள். அதனை நம்பிக்கையின் சின்னம் என்பது பாடசாலை விளக்கம், பிழையன்று, போதாது. அவள் வேண்டுவது மண். வளவில் வேரூன்றி, பேரன் கையிற் சேரத்தக்க ஒன்றை நடும் உரிமை. நீடித்து நிலைக்கும் சமூக மேம்பாடு என்று திட்டமிடுவோர் இன்று வழங்கும் நீண்ட தொடருக்கு அவளறிந்த பொருள் அதுவாக இருத்தல் கூடும்.

புறூஸ் நொறிஸ் என்னும் வெள்ளை நாடகாசிரியர் 2010இல் ‘கிளைபோண் பாக்’ என்ற நாடகத்தை அரங்கேற்றி, அடுத்த ஆண்டு புலிற்சர் பரிசு பெற்றார். முதல் அங்கம் 1959இல், அவ்வீட்டை யங்கர் குடும்பத்துக்கு விற்ற வெள்ளையர் இல்லத்தில் நிகழ்கின்றது. லின்ட்னர் அங்கும் வந்து தடுக்கின்றார். இரண்டாம் அங்கம் 2009இல். அப்பகுதி கறுப்பினத்தாரின் ஊராகி, வறுமையுற்று, மீண்டும் நிலவிலை ஏறும் காலம். வெள்ளை இளந் தம்பதியர் அவ்வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்ட வருகின்றனர்; லீனாவின் உறவுப் பெண்ணொருத்தி அதனை எதிர்க்கின்றாள். வசனம் கூரியது, சிரிப்பும் உண்டு. எனினும் இரு தரத்தாரின் வாயையும் ஒரே அளவில் அழுக்காக்கி, எல்லாரும் ஒன்றே என்று கைகழுவுகின்றது அந்நாடகம். இடைப்பட்ட ஐம்பதாண்டில் அத்தெருவிற் கடன் மறுத்தவர் யார், விலை வீழ்ந்தபோது வாங்கிக் குவித்தவர் யார் என்ற வினா அங்கும் இல்லை. ஹான்ஸ்பெரி கணக்கைத் திரைக்குப் பின்னே வைத்தார். நொறிஸ் கணக்கே இல்லை என்கின்றார். லீனாவின் அந்த ஒற்றை விடையை எடைபோட்டால் பழைய நாடகமே கனமானது.

அதன் திரை விழும்போது வீடு இன்னும் காணப்படவில்லை; அடுத்த இரவு எப்படிக் கழிந்தது என்பதும் கூறப்படவில்லை. அதனை ஆசிரியை வேறோரிடத்தில் எழுதிவைத்தார். 1964இல் செய்தித்தாள் ஒன்றுக்கு அனுப்பி, அவர் வாழ்நாளில் அச்சேறாத கடிதம் அது. தந்தையார் நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்கிய மாதங்களில், தாயார் நிறைத்த கைத்துப்பாக்கியோடு இரவு முழுவதும் வீட்டைச் சுற்றி நடந்து நான்கு பிள்ளைகளையும் காத்தமை அதிற் கூறப்பட்டுள்ளது. அடுத்த ஆண்டு ஜனவரியில், முப்பத்துநான்காம் வயதில், லொறெயின் ஹான்ஸ்பெரி புற்றுநோயால் இறந்தார். தாயார் காவல் நின்ற வீட்டைச் சிக்காகோ நகரசபை 2010இற் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தது.